ஸ்டென்ட் வைக்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இதய மருத்துவர்களுக்கு,

வணக்கம். ஏழு வருடங்களுக்கு முன் என் அப்பாவுக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, அதாவது இதயக் குழாயின் அடைப்பை விரித்து, அது மறுபடி சுருங்காதிருக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்துவிட்டு, வெளியே வந்த மருத்துவர் திரையில் இரண்டு படங்களைக் காட்டினார். முதல் படத்தில் நூலாக மெலிந்து கிடந்த ரத்தக்குழாய் அடுத்ததில் திடமாக ஓடியது. “அடைப்பை எடுத்தாச்சு, இனி கவலை இல்லை” என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த ஒரு வரியை அப்பா அப்படியே நம்பிவிட்டார். அடைப்புதான் போய்விட்டதே, அப்புறம் எதற்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை? சில மாதங்களிலேயே நிறுத்தியிருக்கிறார், எங்களுக்குத் தெரியவில்லை. நான்காம் வருடம் மறுபடி நெஞ்சுவலி. ஸ்டென்ட் வைத்த இடம் நன்றாகத்தான் இருந்தது. சுருங்கியிருந்தது வேறொரு குழாய். அன்று இரவு அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்தேன். மாத்திரை அட்டைகள் ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தன. மேலே இருந்த அட்டையில் மட்டும் இரண்டு குழிகள் காலி.

மாரடைப்போடு வருபவருக்கு உடனே அடைப்பைத் திறந்து உயிரை மீட்டுத் தருகிறீர்கள். அதில் எனக்கு நன்றியைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் பேசுவது, மாடி ஏறினால் மட்டும் நெஞ்சு இறுகுகிற, நாள்பட்ட வலிக்காரர்களைப் பற்றி. 2007இல் வந்த கரேஜ் ஆய்வில் 2,287 பேர், 2020இல் வந்த இஸ்கீமியா ஆய்வில் 5,179 பேர். முறையான மருந்துகளோடு ஸ்டென்ட்டும் சேர்ந்ததால் இவர்களிடையே மரணம் குறைந்துவிடவில்லை. வலி குறையும். 2023இன் ஆர்பிட்டா-2 ஆய்வு அதைத் தெளிவாகவே காட்டியது. வலியில்லாமல் நடப்பது சின்ன விஷயமா என்ன? ஆனால் நோயாளியின் காதில் அது “ஆயுள் கெட்டி” என்று விழுகிறது. நீங்கள் அதைத் திருத்துவதில்லை.

அவசரமில்லாத நோயாளியையும் மேசையில் படுக்க வைத்துவிட்டு, வெளியே நிற்கும் பிள்ளையிடம் ஐந்து நிமிடத்தில் கையெழுத்துக் கேட்காதீர்கள். பயத்தில் யார்தான் மறுப்பார்கள்? சர்க்கரை நோயும் பல குழாய்களில் அடைப்பும் உள்ளவருக்கு, பக்கவாத ஆபத்து சற்றுக் கூடினாலும், ஐந்தாண்டுக் கணக்கில் ஸ்டென்ட்டைவிட பைபாஸ் அறுவை சிகிச்சையே மேல் என்று 2012இல் ஃப்ரீடம் ஆய்வு சொன்னது. அதை யோசித்துப் பார்க்க ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளாவது வேண்டாமா?

இரண்டாம் முறை அப்பாவைப் பார்த்த இளம் மருத்துவர், மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் இதயக் குழாய்களைக் கிளை கிளையாக வரைந்தார். இரண்டு இடங்களில் சிறு கட்டம் போட்டார். “நாங்க சரி பண்ணினது இவ்வளவுதான்யா. மிச்சக் குழாயையெல்லாம் பார்த்துக்கப் போறது உங்க மாத்திரையும் நடையும்தான்” என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தச் சீட்டை அப்பா மாத்திரைப் பெட்டியின் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறார். ஒரு வேளைகூட இதுவரை தவறவில்லை.

அன்புடன்,
ஒரு மகள்