முந்தித் தாக்குவது யார் முடிவு?

நாடாளுமன்றப் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவின் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2019 பிப்ரவரி 26 அன்று, பாகிஸ்தானின் பாலகோட்டில் நம் விமானப்படை நடத்திய தாக்குதலை அறிவித்த வெளியுறவுச் செயலர், அதை ‘ராணுவம் சாராத முன்தடுப்பு நடவடிக்கை’ என்றார்; அதாவது, பாகிஸ்தான் ராணுவத்தைக் குறிவைக்காமல், வரவிருந்த தாக்குதலைத் தடுக்க முந்திக்கொண்டது. 2025 மே 7 அன்று, பாகிஸ்தானில் பயங்கரவாத முகாம்களைத் தாக்கிய சிந்தூர் நடவடிக்கையை விளக்கியபோதும், மேலும் தாக்குதல் வராமல் முன்கூட்டியே தடுக்கும் உரிமை பற்றி அரசு பேசியது. இவற்றுக்கு முன் புல்வாமாவிலும் பஹல்காமிலும் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களில் உறவுகளை இழந்தவர்களிடம் போய், அரசு கைகட்டி நின்றிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எவ்வளவு உறுதியான தகவல் இருந்தால் முந்தித் தாக்கலாம்? தகவல் பொய்த்தால் யார் பொறுப்பு? இவற்றுக்கு விடை சொல்லும் தேசியப் பாதுகாப்பு உத்தி ஆவணம் எதையும் இந்தியா இதுவரை வெளியிட்டதில்லை.

அணு ஆயுத விஷயத்திலாவது எழுதிவைத்த கொள்கை ஒன்று இருக்கிறது. முதலில் பயன்படுத்தமாட்டோம் என்று 2003 ஜனவரியில் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு அறிவித்தது. 2019 ஆகஸ்ட் 16 அன்று பொக்ரானில் பேசிய பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், எதிர்காலத்தில் என்ன நடக்கும் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். இவ்வளவு கனமான உறுதிமொழியை இப்படிப் போகிற போக்கில் தளர்த்துவது எனக்கு அச்சமூட்டுகிறது.

அச்சத்துக்குக் காரணம் உண்டு. 2022 மார்ச் 9 அன்று நம் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்து, பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. யாரும் இறக்கவில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று இரண்டு நாள் கழித்து இந்தியா விளக்கம் தந்தது. ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ‘இந்தியா எந்த நேரமும் முந்திக்கொள்ளும்’ என்ற நம்பிக்கை அன்று அங்கே வேரூன்றியிருந்தால், அந்த ஏவுகணையைக் கோளாறு என்று யார் எண்ணியிருப்பார்கள்? சில நிமிடங்களில் வந்து விழும் ஏவுகணைகளை இரு பக்கமும் வைத்துக்கொண்டு, முந்துபவனே பிழைப்பான் என்ற எண்ணத்தை வளர்ப்பது நம் ஊர்களையே இலக்காக்கும்.

அமெரிக்கா 2002 செப்டம்பரில் முன்தடுப்புப் போரைத் தன் பாதுகாப்பு உத்தியிலேயே எழுதிவைத்தது. மறு ஆண்டு ஈராக்கில் புகுந்தது. போருக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதக் கிடங்குகள் அங்கே இல்லை. ஆக, எழுதிவைத்தால் மட்டும் போதாது. உளவுத் தகவலைக் கேள்வி கேட்கும் அதிகாரம் படைத்தவர்களும் வேண்டும். அந்த இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ரகசியம் கெட்டுவிடும் என்பார்கள். 1999 கார்கில் போரை ஆராய, திருச்சியில் பிறந்த பாதுகாப்பு வல்லுநர் கே. சுப்பிரமணியம் தலைமையில் அமைந்த கார்கில் ஆய்வுக் குழுவின் அறிக்கை, காக்க வேண்டிய பகுதிகள் நீக்கப்பட்டு, 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டதே! அதே வழியில் பாதுகாப்பு உத்தியையும் அவையில் வைக்கச் சொல்லுங்கள். அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்தமாட்டோம் என்ற உறுதி அதில் ஐயமின்றி இடம்பெறட்டும். முந்தித் தாக்கிய ஒவ்வொரு முறையும், எந்த ஆதாரத்தை நம்பி ஆணை பிறந்தது என்பதை மூடிய அறையிலாவது உங்கள் குழுவிடம் அரசு விளக்கட்டும்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்