ஸ்பிரிங் கற்பிக்கும் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங்கில் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷனை நீங்கள் நன்றாகவே சொல்லித்தருகிறீர்கள். ஒரு கிளாஸ் தனக்கு வேண்டியதைத் தானே 'நியூ' போட்டு உருவாக்காமல், கன்ஸ்ட்ரக்டர் வழியாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உங்கள் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படி வந்து சேரும் ஆப்ஜெக்ட் எத்தனை பேருக்குப் பொது, எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்று கேட்டால்தான் பலர் விழிக்கிறார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களின் கோடைப் படித்துப் பார்ப்பது என் அன்றாட வேலை. திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இதுதான்: @சர்வீஸ் என்று குறித்த கிளாஸுக்குள் 'கரன்ட்யூசர்' என்று ஒரு ஃபீல்டு. ரிக்வெஸ்ட் வந்ததும் ஒரு மெத்தட் அதில் பயனரை எழுதிவைக்கும். பில் போடும் மெத்தட் அதை எடுத்துப் படிக்கும். இப்படிக் குறித்த கிளாஸின் ஆப்ஜெக்ட்டை ஸ்பிரிங்கே உருவாக்கிப் பராமரிக்கும்; அதற்குப் பீன் என்று பெயர். அது எத்தனை பேருக்குப் பொது, எவ்வளவு நேரம் இருக்கும் என்பதுதான் ஸ்கோப். ஸ்கோப் குறிப்பிடாத பீன் சிங்கிள்டன், அதாவது பீன்களை வைத்திருக்கும் கன்டெய்னருக்கு ஒன்றே ஒன்று. ரிக்வெஸ்ட்டுகளை வாங்கும் வெப் சர்வரான டாம்கேட்டோ, அவற்றை ஒரே நேரத்தில் கவனிக்க இயல்பிருப்பில் 200 த்ரெட் வரை ஓட்டும். அத்தனையும் அந்த ஒரே ஃபீல்டில்தான் கைவைக்கின்றன. ஒருவர் பெயரை எழுதிப் படிப்பதற்குள் இன்னொருவர் பெயர் அதன்மேல் ஏறிவிட்டால், முதலாமவர் வாங்கிய பொருளுக்கு இரண்டாமவர் பெயரில் பில் போகும். எழுதியவரின் லேப்டாப்பில் இது தெரியவே தெரியாது. அங்கே பயனர் ஒருவர்தானே.

சரி, கேட்கும்போதெல்லாம் புது ஆப்ஜெக்ட் தரும் புரோட்டோடைப்பாக ஸ்கோப்பை ஆக்கினால் தீர்ந்தது என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். தீராது. ரிக்வெஸ்ட்டை வாங்கிக் கையாளும், சிங்கிள்டனான கன்ட்ரோலருக்குள் அதை இன்ஜெக்ட் செய்தால், கன்ட்ரோலர் உருவாகும்போது ஒரு முறைதான் புது ஆப்ஜெக்ட் கிடைக்கும். அப்புறம் கடைசிவரை அதேதான். ஒவ்வொரு முறையும் புதிது வேண்டுமென்றால் ஸ்பிரிங் தரும் ஆப்ஜெக்ட்புரொவைடரிடம் கேட்டு வாங்க வேண்டும். ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு ஆப்ஜெக்ட் தரும் ரிக்வெஸ்ட் ஸ்கோப் என்றால், அந்தந்த ரிக்வெஸ்ட்டின் ஆப்ஜெக்ட்டுக்கு அழைப்பைக் கடத்திவிட, பெரும்பாலும் நடுவில் ஒரு ஸ்கோப்டு பிராக்ஸி வைப்பார்கள். என்னைக் கேட்டால், பல இடங்களில் இவை எதுவுமே வேண்டாம். பயனரை மெத்தடுக்கு ஆர்க்யுமென்ட்டாக அனுப்பினாலே போதும்.

மைக்ரோசாஃப்டின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஏஎஸ்பி டாட்நெட் கோரில், ரிக்வெஸ்ட்டுக்கு ஒன்று என்று உருவாகும் ஸ்கோப்டு சர்வீஸை சிங்கிள்டனுக்குள் வைத்தால், டெவலப்மென்ட் சூழலிலாவது பிழை காட்டி நிறுத்திவிடும். சிங்கிள்டனுக்குள் சிக்கிய புரோட்டோடைப்பைப் பற்றி ஸ்பிரிங் வாயே திறக்காது. அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஸ்கோப் வகைகளை இன்டர்வியூ கேள்வியாக மனப்பாடம் செய்யவைப்பதை விட்டுவிட்டு, இன்ஜெக்‌ஷன் எடுக்கும் அதே வகுப்பில் இந்தத் தவறான கிளாஸை மாணவர்கள் கையாலேயே எழுதவையுங்கள். ஃபீல்டில் எழுதும் வரிக்கும் படிக்கும் வரிக்கும் இடையே த்ரெட்டைச் சற்று நிறுத்திவைக்கும் ஒரு த்ரெட்.ஸ்லீப் போடுங்கள். பிறகு லோடு டெஸ்ட் கருவியான ஜேமீட்டரில் இரண்டு பயனர்களை ஒரே நேரத்தில் அனுப்பி, பில்லில் யார் பெயர் வருகிறது என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களோடு வேலை செய்யும் ஒரு டெவலப்பர்