பயிற்சியின் பலனைத் தையல் வரிசையில் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பன் வட்டாரத்தில் நிறுவன ஊழியர்களுக்குப் பயிற்சி அளிப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இங்கு தலைமைப் பயிற்சிகள் நடக்கும் விதம் குறித்து எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் பயிற்சிக்குப் பணம் இல்லை என்று சொல்ல இடமில்லை. ஆண்டுச் சம்பளச் செலவு 5 லட்சம் ராண்டைத் தாண்டும் தனியார் நிறுவனங்கள், 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதில் 1 சதவீதத்தைத் திறன் மேம்பாட்டுத் தீர்வையாகக் கட்டுகின்றன. பயிற்சித் திட்டத்தையும் முந்தைய ஆண்டின் அறிக்கையையும் ஏப்ரல் 30க்குள் 'செட்டா' எனப்படும் துறைவாரிப் பயிற்சி ஆணையத்திடம் அளித்தால், கட்டிய தீர்வையில் 20 சதவீதம் திரும்பக் கிடைக்கும். அதனால்தான் மனிதவளப் பிரிவுகள் மார்ச் மாதத்தில் பரபரக்கின்றன. எத்தனை பேர், எந்த இனப் பிரிவினர், எந்தப் பதவியினர் என்று படிவங்கள் நிரம்புகின்றன. பயிற்சி முடித்தவர் இப்போது வேலையை எப்படிச் செய்கிறார் என்பதைக் கேட்பார் குறைவு.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக், பயிற்சியை மதிப்பிட நான்கு படிகளை 1959இலேயே வகுத்தார்: பங்கேற்றவரின் கருத்து, அவர் கற்றது, பணியில் அவர் நடந்துகொள்ளும் விதம், நிறுவனத்துக்குக் கிடைத்த பலன். நான் பார்த்தவரை நம் நிறுவனங்கள் முதல் படியைத் தாண்டுவதில்லை. மாலையில் ஒரு தாள் கொடுக்கப்படும். அறை, உணவு, பயிற்சியாளர் என ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் எல்லாரும் 5 போட்டுவிடுவார்கள். (மதியம் பிரியாணி என்றால் பயிற்சியாளருக்கும் 5 உறுதி.)

தையல் ஆலையில் நேற்றுவரை இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த பெண் இன்று அதே வரிசைக்கு மேற்பார்வையாளர் ஆகிறார். வரிசையில் பேசப்படுவது ஜூலு மொழி. அவருக்குப் பயிற்சியோ டர்பனை ஒட்டிய கடற்கரைப் பகுதியான உம்லாங்காவில் ஒரு ஓட்டலில், ஆங்கிலத்தில், 'தொலைநோக்கு' பற்றி. அவருக்கு வேண்டியது வேறு: தாமதமாக வந்த தோழியைப் பலர் முன் தலைகுனிய வைக்காமல் கண்டிப்பது, ஷிப்ட் மாறும்போது பாக்கி வேலையைக் குழப்பமின்றி ஒப்படைப்பது, இலக்கு எட்டாது என்பதை மேலாளரிடம் முன்கூட்டியே சொல்வது. பாடத்தை வகுக்குமுன் இவற்றை வரிசையில் நின்று கவனித்துக் குறித்துக்கொண்டு, அவருடைய குழுவிடமும் மேலாளரிடமும் இவை பற்றிக் கேட்டுவைத்து, மூன்று மாதம் கழித்து அதே கேள்விகளை அவர்களிடம் மறுபடி கேட்க வேண்டும். இன்னும் பயிற்சி பெறாத மேற்பார்வையாளரின் வரிசையையும் உடன்வைத்துப் பார்ப்பது அவசியம். ஏனெனில் துணிக் கழிவு குறைந்திருந்தால், அது பயிற்சியால் அல்ல, ஆர்டர் குறைந்ததாலேயே இருக்கலாம். மேலாளர் பழைய போக்கிலேயே அதட்டிக்கொண்டிருந்தால் எந்தப் பாடமும் ஒரு வாரம் தாங்காது என்பதால், அவரையும் தொடக்கத்திலேயே பயிற்சியில் உட்கார வைக்க வேண்டும்.

பயிற்சிக் கட்டணத்தில் ஒரு பகுதியை இந்த மூன்றாம் மாத ஆய்வு முடியும்வரை நிறுவனங்கள் நிறுத்திவைக்கலாம் என்பது என் யோசனை. சக பயிற்சியாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். நிறுத்தப்படும் கட்டணத்தில் என்னுடையதும் சேர்த்திதான்.

இப்படிக்கு,
பயிற்சியாளர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.