உதவித்தொகைக்குப் பிறகு என்ன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண் கல்விக்கு வழங்கப்படும் நன்கொடைகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, எத்தனை மாணவியருக்கு எவ்வளவு தொகை என்பதோடு நின்றுவிட்டது. அந்த மாணவியர் பிற்பாடு என்ன ஆனார்கள் என்றும் கேட்டால்தான் ஒரு கொடையாளரின் பணியை எடைபோட முடியும் என்று கருதுவதால், ஆப்பிரிக்கப் பெண் பிள்ளைகளின் கல்விக்காகக் கேம்ஃபெட் என்னும் தொண்டு அமைப்பை நிறுவிய ஆன் காட்டன் அம்மையாரைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

வேல்ஸில் பிறந்த அவர், பெண் பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்று ஆராய்வதற்காக 1991ஆம் ஆண்டு ஜிம்பாப்வேயின் மோலா என்னும் சிற்றூருக்குச் சென்றார். பழைய வழக்கங்களை விடாத பெற்றோரே தடை என்பதுதான் அன்று பரவலாகச் சொல்லப்பட்ட காரணம். அவர் அங்கே கண்டதோ வறுமை. ஒரு பிள்ளைக்குத்தான் கட்டணம் கட்ட முடியும் என்றபோது, சம்பள வேலை கிடைக்கும் வாய்ப்பு மகனுக்கே அதிகம் என்பதால் பெற்றோர் அவனை அனுப்பினார்கள். கட்டணம் குறைவு என்பதற்காகவே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்து அங்கே தங்கிப் படித்த சகோதரிகளையும் அவர் சந்தித்தார். இதை நேரில் கண்டறியாமல் இருந்திருந்தால், கையிலிருந்த பணமெல்லாம் பெற்றோருக்குப் புத்தி சொல்வதிலேயே கரைந்திருக்கும்.

ஊர் திரும்பியவர் கேம்பிரிட்ஜில் கேக் விற்றுக்கூடப் பணம் திரட்டினார். 1993இல் 32 மாணவியருடன் கேம்ஃபெட் அமைப்பு தொடங்கியது. கட்டணம் மட்டுமன்றி, சீருடை, காலணி, நோட்டு, மாதவிடாய்க்கால நாப்கின் வரை அதன் உதவி நீண்டது.

எனினும் என் மனத்தில் நிற்பது அதற்கு அடுத்த கட்டம். பள்ளி முடித்த பெண்கள் 1998இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் உறுப்பினர்களில் பலர் உள்ளூர்ப் பள்ளிகளுக்கே வழிகாட்டிகளாகத் திரும்பி, தங்கைகள் போன்ற மாணவியர் படிப்பை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். தொழில் தொடங்க அவர்களுக்குக் கிடைக்கும் கடனுக்குப் பண வட்டி கிடையாது. பள்ளியில் அவர்கள் செலவிடும் நேரமே வட்டியாகக் கொள்ளப்படுகிறது. வாங்கியவரைக் கூனிக் குறுக வைக்காத இப்படியொரு ஏற்பாட்டை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. தொடக்ககாலத்தில் உதவி பெற்ற மாணவியருள் ஒருவரான ஏஞ்சலின் முரிமிர்வா, 2023இல் அந்த அமைப்புக்கே தலைமைச் செயல் அதிகாரியானார். எந்தப் பெண்ணுக்கு எது தேவை என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் அந்தத் தேவையை அனுபவித்தவரே அமர்ந்திருப்பதைவிடப் பெரிய சான்று ஒரு கல்விக் கொடைக்கு வேண்டுமா?

ஆகவே, உதவித்தொகை வழங்கும் விழாக்களின் செய்தியை வெளியிடும்போது, ஐந்தாண்டுகளுக்கு முன் அதே மேடையில் தொகை பெற்றவர்களையும் தேடிச் சென்று எழுதுமாறும், அவர்களில் ஒருவராவது அந்த அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்றிருக்கிறாரா என்று கேட்குமாறும் தங்களை அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்