கல்வீடு இருந்தால் வசதியா?

ஆசிரியர் அவர்கட்கு,

வறிய குடும்பங்களுக்கு இலங்கை அரசு பணக் கொடுப்பனவு வழங்கும் அஸ்வெசும திட்டத்தின் மேன்முறையீடுகள் குறித்துத் தாங்கள் வெளியிட்ட செய்தி தொடர்பாக எழுதுகிறேன். கல்வி, சுகாதாரம், சொத்து, வீட்டு நிலை உள்ளிட்ட ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்கள் அளக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் கல்வீட்டுப் பிள்ளை, கொட்டில் வீட்டுப் பிள்ளை என்றாலே குடும்பத்தின் நிலை விளங்கிவிடும். இன்று அந்த அளவுகோல் பிழைக்கிறது. போருக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டத்தின் 5.5 இலட்சம் ரூபா மானியத்தில் எழுந்ததும் கல்வீடுதான். மிச்ச வேலைக்குப் பட்ட கடன் சுவரில் தெரியாது.

சொத்தை எண்ணுகிறோம், அதை இயக்கும் செலவை எண்ணுவதில்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவானது. கிணற்று நீரை இயந்திரத்தால் இறைத்து வெங்காயம் செய்பவர் இறைப்பைத் தள்ளிப்போட முடியாது. எங்கள் செம்மண்ணில் ஈரம் நெடுநாள் நில்லாது, குமிழ் பெருக்கும் வேளையில் தண்ணீர் தவறினால் விளைச்சல் சுருங்கிவிடும். சிறுபடகுத் தொழிலாளிக்கும் இதே நிலைதான். எனவே எரிபொருள், மின்சாரம், பிள்ளைகளின் பாடசாலைப் போக்குவரத்து ஆகிய மாதச் செலவுகளையும் கிராம அலுவலர் உறுதிப்படுத்தும் விதமாக விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும். நிராகரிப்பதாயின், எந்தக் குறிகாட்டியால் என்பதை எழுத்தில் தரட்டும்.

வாசகர் ஒருவர்,
சுன்னாகம்.