காலி வண்டி ஓடும் தூரத்துக்கும் கூலி வேண்டும்

கட்டணத்தை உயர்த்த வேண்டும் என்ற செயலி வழி டாக்சி ஓட்டுநர்களின் கோரிக்கை பற்றிய செய்தியைப் படித்தேன். சொந்த வண்டி வைத்திருக்கும் ஓட்டுநருக்குக் கட்டணத்தில் 80 சதவீதமாவது சேர வேண்டும் என்கிறது, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை. சரி, கட்டணமே அடிமாட்டு விலையாக இருந்தால் அதில் 80 சதவீதம் கிடைத்து என்ன பயன்? பயணியை ஏற்றக் காலியாக ஓடிவரும்போதும் டீசல் எரியத்தானே செய்கிறது! அண்மையில் மயிலாப்பூரிலிருந்து பக்கத்திலுள்ள மந்தைவெளி செல்ல நான் பதிவு செய்த கார், பல கிலோமீட்டர் தள்ளியுள்ள கிண்டியிலிருந்து வந்தது. அந்தத் தூரத்துக்குத் தனியாக ஒரு பைசாகூடக் கிடையாது என்று ஓட்டுநர் தன் கைபேசியைக் காட்டினார்.

தமிழக அரசு அடிப்படைக் கட்டணத்தை நிர்ணயிக்கும்போது இந்தக் காலி ஓட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பயணி கொடுத்தது எவ்வளவு, ஓட்டுநர் கைக்குப் போனது எவ்வளவு என்பதை ரசீதிலேயே காட்டச் செய்யலாம்.

- ஒரு வாசகர், மயிலாப்பூர், சென்னை-4