‘ரன்’ என்றால் ஓடு மட்டும்தானா?

ஆசிரியர் ஐயாவுக்கு,

உங்கள் ஞாயிறு மாணவர் பக்கத்தில் வருகிற ஆங்கிலச் சொல் பட்டியலை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைக்கிறவள் என் மகள். தரம் 10 படிக்கிறாள். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், எதிரே ஒரே ஒரு தமிழ்ச் சொல். ‘ரன்’ என்றால் ஓடு. எனக்குச் செலவு வைத்தது அதுதான்.

கச்சானுக்கு இறைக்கப் புது வோட்டர் பம்ப் ஒன்று வாங்கினேன். அதோடு வந்த தாளில் ஆங்கிலமும் சீனமும்தான். ‘டு நொட் ரன் த பம்ப் ட்றை’ என்று தடித்த எழுத்தில் இருந்ததை மகளிடம் காட்டினேன். அவள் கொப்பியைப் புரட்டி, ரன் ஓடு, ட்றை காய், பம்ப் காயக் கூடாதாம் அப்பா என்றாள். சரி, வெயிலில் விடக் கூடாது போல என்று நாலு கிடுகு வைத்து நிழல் போட்டேன். ஆடியில் கிணறு வற்றி, தண்ணீர் உறிஞ்சுகிற குழாயின் அடியில் இருக்கிற புட் வால்வு தண்ணீருக்கு மேலே வந்தது தெரியாமல் மெசின் அரை மணித்தியாலம் வெறுமனே ஓடி, உள்ளே தண்ணீர் ஒழுகாமல் தடுக்கிற சீல் கருகிவிட்டது. தண்ணீர்தான் அந்தச் சீலைச் சூடேறாமல் வைத்திருக்கிறதாம், தண்ணீர் இல்லாமல் இயக்காதே என்பதுதான் அந்த வரியாம். திருத்த வந்த பொடியன் சொல்லித்தான் தெரியும்.

பிறகு விசாரித்தால், ஒக்ஸ்போர்ட் பெரிய அகராதியில் ‘ரன்’ என்கிற இந்த ஒரு வினைக்கு மட்டும் 645 பொருள். 1989 பதிப்பில் ‘செற்’ 430 பொருளோடு முன்னுக்கு நின்றது, பிறகு ரன் அதைத் தாண்டிவிட்டது. கடை நடத்துவது, தேர்தலில் நிற்பது, மூக்கு வடிவது, துணியில் சாயம் போவது, டீசல் முடிவது எல்லாமே ரன். (டீசல் ‘ரன் அவுட்’ என்றதும் மகள் சிரிக்கிறாள், அவளுக்குத் தெரிந்த ரன் அவுட் கிரிக்கெட்டில்தான்.)

ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்லவும் ஏலாது. நாங்களும் பஸ் ஓடுது என்கிறோம், அண்ணன் பஸ் ஓடுறார் என்கிறோம். அவர் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடவில்லை, சாரதி ஆசனத்தில் இருக்கிறார். கொட்டகையில் படம் ஓடும், கணக்குப் பரீட்சையில் மூளை ஓடாது. இதையெல்லாம் யாரும் எங்களுக்குப் பட்டியல் போட்டுப் பழக்கவில்லை, வசனத்தோடு காதில் விழுந்து வந்தது.

ஆகவே வாரம் இருபது சொல் வேண்டாம். ஒரு வினையை எடுத்து ஆறேழு வசனம் போடுங்கள், அதில் ஒன்றிரண்டாவது உரப்பையிலும் மெசின் தாளிலும் வருகிற வசனமாக இருக்கட்டும். ‘கீப்’ இன்னும் பட்டியலில் வரவில்லை என்று மகள் சொல்கிறாள். கிருமிநாசினிப் போத்தலிலும் அந்தச் சொல் இருக்கிறது, வரும்போது ‘வைத்திரு’ என்று மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள்.

விவசாயி ஒருவர்,
விசுவமடு.